பிளேட்டோவும் பன்னிரண்டாம் நாளும்

சாக்ரடீஸ் என்றதும் என் வயதுக்காரர்களுக்கு நினைவில் வருவது சிவாஜி கணேசன்தான். 1956ல் வந்த 'ராஜா ராணி' படத்தில் கலைஞர் வசனம் எழுதிய அந்த நாடகக் காட்சியை மறக்க முடியுமா? எனக்கும் கிரேக்கத் தத்துவம் என்றால் வெகுகாலம் அவ்வளவுதான். அதற்கு மேல் என்னைப் படிக்க வைத்தது துக்கம்.

ஆறு வருடங்களுக்கு முன் என் மனைவி காலமானாள். பத்தாம் நாள் காவிரிக்கரையில் காரியம் முடித்துத் திரும்பியதிலிருந்து கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். எங்கள் குத்தாலத்து சுவாமிக்குச் சொன்னவாறறிவார் என்று ஒரு பெயர் உண்டு. அம்பாளுக்குக் கொடுத்த வாக்கின்படியே வந்து மணம் புரிந்தவர் என்பது தலபுராணம். எட்டு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தபோது நான் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லையே என்று எனக்குக் கோபம்.

தூக்கம் வராத ஒரு ராத்திரி பரணிலிருந்து 'பிளேட்டோவின் அரசியல்' நூலை எடுத்தேன். வெ. சாமிநாத சர்மா மொழிபெயர்த்தது. உத்தியோகத்தில் இருந்தபோது வாங்கி, பிரிக்காமலே வைத்திருந்தது. நீதி என்றால் என்ன என்ற கேள்வியில் தொடங்கிப் பத்துப் பகுதிகளாக விரியும் நூல் அது. சாக்ரடீஸ் பேசுவதாகவே முழுவதும் எழுதியிருக்கிறார் பிளேட்டோ. பொது யுகத்துக்கு முன் 399ல், தம் எழுபதாவது வயதில், நகரத்தின் தெய்வங்களை மதிக்கவில்லை என்ற குற்றச்சாட்டின் பேரில் சாக்ரடீஸுக்கு மரண தண்டனை விதித்தார்கள். குருவைப் பறிகொடுத்த சீடர் எழுதியது என்று தெரிந்து படித்தால் அந்த நூலின் ருசியே வேறு.

கடைசிப் பகுதியில் எர் என்ற போர்வீரனின் கதை வருகிறது. போரில் மடிந்தவர்களின் சடலங்களைப் பத்தாம் நாள் எடுக்கிறார்கள். இவன் உடல் மட்டும் கெடவில்லை. பன்னிரண்டாம் நாள் சிதையில் கிடத்தியபோது எழுந்து உட்கார்ந்து, மறு உலகில் கண்டதைச் சொல்கிறான். பத்தையும் பன்னிரண்டையும் அங்கே பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்த உலகில் ஆன்மாக்கள் தங்கள் அடுத்த பிறவியைத் தாங்களே தேர்ந்தெடுக்கின்றன. பொறுப்பு தேர்ந்தெடுப்பவருடையது, தெய்வத்தின் மேல் பழி இல்லை என்று அறிவிக்கிறார்கள். முதலில் வந்தவன் அவசரப்பட்டுக் கொடுங்கோலனின் வாழ்வை எடுத்துவிட்டு அழுகிறான். எத்தனையோ அலைச்சல் பட்ட ஒடிசியஸ் கடைசியாக வருகிறான். யாரும் சீந்தாமல் மூலையில் கிடந்த ஒரு சாதாரண மனிதனின் வாழ்வைத் தேடி எடுக்கிறான். முதல் ஆளாக வந்திருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பேன் என்கிறான்.

மறுபிறவி நம் பக்கத்துச் சமாசாரம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் பூம்புகார். அங்கே யவனர்களின் இருப்பிடங்கள் இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. வணிகம் செய்ய வந்தவர்கள் தத்துவம் பேசினார்களா என்பது வேறு விஷயம். ஆனால் அதே புகாரில் பிறந்த மணிமேகலை, வஞ்சிக்குப் போய் ஒவ்வொரு சமயவாதியிடமும் 'உங்கள் கொள்கை என்ன?' என்று கேட்கிறாள். காப்பியத்தின் 27வது காதை முழுக்க அதுதான். ஏதென்ஸ் கடைத்தெருவில் சாக்ரடீஸ் செய்ததும் கேள்வி கேட்டதுதானே!

சர்மாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1895ல் வட ஆர்க்காட்டு வெங்களத்தூரில் பிறந்தவர். ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்தியவர். 1942ல் யுத்தம் துரத்த, பர்மாவிலிருந்து மனைவியோடு நடந்து இந்தியா வந்தவர். அந்த மங்களம் அம்மையார் மறைந்த பிறகு அவர் எழுதிய கடிதங்கள் 'அவள் பிரிவு' என்ற பெயரில் நூலாக வந்தன. பிளேட்டோவைத் தமிழுக்குக் கொண்டுவந்த மனிதருக்கும் அந்தத் துக்கத்தை எழுதித்தான் ஆற்ற வேண்டியிருந்தது. அதை அறிந்தபோது, நான் ஒன்றும் தனி ஆள் இல்லை என்று தோன்றியது.

கடவுளைக் கண்டுவிட்டேனா என்று கேட்காதீர்கள். பழி போடுவதை நிறுத்தினேன், அவ்வளவுதான். ஒரு பிரதோஷத்தன்று மறுபடியும் சொன்னவாறறிவார் சந்நிதியில் போய் நின்றேன். எதுவும் கேட்கவில்லை.

குத்தாலத்தில் ஒரு குமாஸ்தாவின் வீடு, இரண்டு பிள்ளைகள், வாசலில் கோலம், மாசக் கடைசியில் கைமாற்று. இப்படி ஒரு வாழ்க்கையை அவளும் மூலையிலிருந்து தேடித்தான் எடுத்தாளோ? அப்படி நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

எர் கதையின் முடிவில் ஓர் ஆறு வருகிறது. அதன் தண்ணீரைக் குடித்தால் எல்லாம் மறந்துபோகும். எல்லோரும் ஓரளவு குடித்தே ஆக வேண்டும். விவேகம் இல்லாதவர்கள் அளவுக்கு மேல் குடித்துவிடுகிறார்களாம். ஆடிப்பெருக்கன்று படித்துறையில் நிற்கும்போது அது நினைவுக்கு வரும். என் மனைவி காப்பிக்குச் சர்க்கரை போடுவதிலிருந்து எல்லாவற்றிலும் அளவு பார்ப்பவள். அங்கேயும் அளவாகத்தான் குடித்திருப்பாள்.