கிரானைட் போட்டா விலை ஏறுமா?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அப்பா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "பழைய வீட்டை வித்துடலாம்டா. அதுக்கு முன்னாடி நாலு லட்சம் செலவு பண்ணி கிரானைட் போட்டுட்டா நல்ல விலைக்குப் போகும்." அந்த நாலு லட்சம் யார் தர்றது? வேற யாரு, பெங்களூர்ல பொட்டி தட்டுற அடியேன்தான் :-)

அப்படியே வாசலுக்கு ஒரு கதவும் பார்க்கலாம்னு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குக் கூட்டிட்டுப் போனார். வரிசையா பழம்பொருள் கடைகள். தேக்குத் தூண், நிலை, கதவு, பீங்கான் ஜாடி... எல்லாமே ஏதோ ஒரு வீட்டுல இருந்து கழட்டினது. அப்பாவோட கேள்விக்குப் பதில் அந்தத் தெருவுலயே கிடக்குதுன்னு தோணுச்சு.

கொஞ்சம் வரலாறு. 1852-ல் கீழ்பர்மா பிரிட்டிஷார் கைக்குப் போச்சு. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவுல கிராக்கி. காடு திருத்தி நெல் போட்ட விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தவங்க நகரத்தார்கள். அந்த லாபம்தான் செட்டிநாட்டுல பர்மா தேக்காவும் இத்தாலி பளிங்காவும் பெல்ஜியம் கண்ணாடியாவும் வந்து இறங்குச்சு. தாத்தா கட்டின வீட்டுக்குப் பேரன் மாடி எடுப்பார், முகப்பை மாத்துவார், சுவருக்கு ஜப்பான் பூ ஓடு பதிப்பார்.

1930-ல் உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை விழுந்துச்சு, கடன் திரும்பல, ஈடா நிலம்தான் வந்துச்சு. 1930-களின் கடைசியில கீழ்பர்மாவோட முக்கிய நெல் மாவட்டங்கள்ல சுமார் கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில. 1942-ல் ஜப்பான் படை நுழைஞ்சுது. 1948-ல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்க சட்டம் போட்டுது. வருமானம் போச்சு, வீடு மட்டும் மிச்சம்.

சரி, அந்த வீட்டை வித்தா போட்ட காசு வருமா? வாங்க ஆள் வேணுமே! கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு 'புள்ளி'. வீடு அத்தனை புள்ளிக்கும் பொது. எல்லாரும் கையெழுத்து போட்டாத்தான் விற்பனை. புள்ளிகளோ ஆளுக்கொரு ஊர்ல. முழு வீட்டை வாங்க ஆளில்ல, தூணை வாங்க ஆள் இருந்துச்சு. அதனால பல வீடுகளை இடிச்சு, பிரிச்சு வித்தாங்க. எவ்வளவு இழைச்சிருந்தாலும் கடைசியில கிடைச்சது மனை விலையும் மர விலையும்தான்.

இடிக்காம ஓட்டை ஒழுகலை மட்டும் சரி பண்ணி வெச்சிருந்த சில வீடுகள் பின்னாடி ஹோட்டல் ஆச்சு. 2014-ல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்லயே இடம் பிடிச்சுது. ஆக, எனக்குப் புரிஞ்சது இதுதான்: வீட்டு விலையை ஏத்துறது நாம போடுற கல் இல்ல, அந்த ஊருக்கு வர்ற ஆள். நாம செய்யக்கூடியது ஒழுகாம பார்த்துக்கறதும், பத்திரத்தைச் சரியா வெச்சுக்கறதும்தான்.

திரும்பி வர்றப்ப பஸ்ல இதையெல்லாம் அப்பாகிட்ட சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "செட்டியார் விக்கிறதுக்காகவாடா கட்டினார்? புள்ளைங்க கல்யாணத்துக்குக் கட்டினார்"னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "உங்கம்மா இருபது வருஷமா வழவழன்னு தரை வேணும்னு கேட்டுட்டிருக்கா" அப்படின்னார்.

விக்கிற பேச்சை அதுக்கப்புறம் அவரும் எடுக்கல, நானும் எடுக்கல. நாலு லட்சத்துக்குத்தான் லோன் பார்த்துட்டிருக்கேன். வீடு புதுப்பிச்சு வித்த அனுபவசாலிகள் பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா, போட்ட காசு வந்துச்சா?