அப்பாச்சி ஆர்ஆர் 310: 2018 வண்டியை மாற்றலாமா?

2018-இல் வாங்கிய டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்ஆர் 310 வீட்டில் நிற்கிறது. 2024 செப்டம்பரில் வந்த புதிய ஆர்ஆர் 310 ஷோரூமில் நிற்கிறது. மாற்றலாமா என்று யோசிப்பவர் முதலில் கேட்பது குதிரைத்திறனைத்தான். அதற்கு 34, இதற்கு 38. எஞ்சின் கொள்ளளவு இரண்டிலும் ஒன்றே, 312.2 சிசி. வெறும் நாலு குதிரைக்கா இவ்வளவு பணம் என்று சிலர் திரும்பிவிடுகிறார்கள். அதே நாலைக் கேட்டு அன்றைக்கே முன்பணம் கட்டுகிறவர்களும் உண்டு. இரண்டு பேருமே பார்க்க வேண்டியதை விட்டுவிட்டு வேறு எங்கோ பார்க்கிறார்கள் என்பேன். இந்த இரண்டு வண்டிகளையும் பிரிப்பது வலது கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள இணைப்பு.

அதற்கு முன் மாறாதவற்றைச் சொல்லிவிடலாம். பி.எம்.டபிள்யூ. மோட்டராடும் டி.வி.எஸ்ஸும் 2013-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் உருவான எஞ்சின் இது; தயாராவது ஓசூரில். பெரும்பாலான மற்ற வண்டிகளில் காற்று எஞ்சினின் பின்பக்கம் நுழையும், புகை முன்பக்கம் வெளியேறும். இதில் சிலிண்டர் ஹெட்டையே திருப்பி வைத்திருக்கிறார்கள். காற்று முன்னால் நுழைகிறது. சைலன்சர் குழாய் பின்னாலிருந்து கிளம்புகிறது. சிலிண்டர் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் எஞ்சினின் எடையை முன்சக்கரத்தின் பக்கம் நகர்த்த முடிந்தது. மிச்சமான இடத்தில் ஸ்விங்ஆர்மை நீளமாக்கினார்கள். 2016 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் 'அகுலா' என்ற பெயரில் மாதிரி வண்டியாகக் காட்டப்பட்டு, 2017 டிசம்பரில் 2.05 லட்ச ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தபோதே ட்ரெல்லிஸ் ஃப்ரேம், தலைகீழ் ஃபோர்க், முன்னால் 300 மில்லிமீட்டர் டிஸ்க், பின்னால் 240, இரட்டை சேனல் ஏபிஎஸ் எல்லாம் இருந்தன. இன்றைக்கும் உடம்பு அதுதான். (2022-இல் பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஆர்ஆர் என்று 2.85 லட்சத்துக்கு விற்கப்பட்டதும் ஏறக்குறைய இதே வண்டிதான். டேங்கில் உள்ள சின்னத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது அவரவர் மனசு.)

இனி அந்த நான்கு குதிரை. 2018 வண்டி 169.5 கிலோ. 2020-இல் பி.எஸ்.6 விதிக்காக மாற்றியபோது எடை 174 கிலோ ஆனது. திறன் 34-லேயே நின்றது. ஒரு டன்னுக்கு எத்தனை குதிரை என்று கணக்குப் போட்டால் 2018-க்கு 200, 2020-க்கு 195, 2024-க்கு 218. ஆக நடுவில் வந்த வண்டி ஒரு படி இறங்கியது. அந்தப் பள்ளத்தை நிரப்பி, அதற்கு மேலும் கொஞ்சம் ஏறியிருக்கிறது புதியது. முறுக்குவிசை 27.3 நியூட்டன் மீட்டரிலிருந்து 29 ஆகியிருக்கிறது. அழுத்த விகிதத்தைக் கூட்டி, பிஸ்டனின் எடையைக் குறைத்து, காற்று உள்ளே போகும் வழியை அகலப்படுத்திச் செய்த வேலை இது. நேர்மையான எஞ்சினியரிங், சந்தேகமில்லை.

ஆனால் அந்த 38 கிடைப்பது நிமிடத்துக்கு 9,800 சுழற்சியில். நான்குவழிச் சாலையில் இருசக்கர வண்டிக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். ஆறாவது கியரில் 80-இல் போகும்போது எஞ்சின் ஏறக்குறைய அதில் பாதிச் சுழற்சியில் இருக்கும். சென்னையிலிருந்து திருச்சி வரை சட்டத்துக்கு உட்பட்டு ஓட்டுகிறவருக்கு அந்த நான்கு குதிரையைச் சந்திக்கிற வாய்ப்பே வராது. லாரியை முந்தும்போது இரண்டு கியர் குறைத்து முறுக்கினால் வித்தியாசம் தெரியும். அதுவும் சில நொடிகளுக்கு.

வலது கைக்கு வருவோம். 2018 வண்டியில் ஆக்சிலேட்டரைத் திருகினால் ஒரு கேபிள் த்ராட்டில் வால்வை இழுக்கும். கை எவ்வளவு திருகியதோ அவ்வளவு திறக்கும். நடுவில் யாரும் இல்லை. 2020-இலிருந்து அந்தக் கேபிள் கிடையாது. கைப்பிடியில் இருக்கும் சென்சார், 'இவ்வளவு கேட்கிறார்' என்று கணினிக்குச் சொல்லும். எவ்வளவு கொடுக்கலாம் என்று முடிவு செய்து வால்வைத் திறப்பது கணினியின் மோட்டார். கேட்க அற்ப மாற்றம்போல இருக்கும். இதன் பிறகு வந்த பெரிய வசதிகளில் பாதிக்கு மேல் இதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன.

ரைடிங் மோடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 வண்டியில் அர்பன், ரெய்ன், ஸ்போர்ட், ட்ராக் என்று நான்கு. முதல் இரண்டில் எஞ்சின் 25.8 குதிரைத்திறனோடு நிறுத்திக்கொள்ளும், மிச்சத்தைத் தராது. கேபிள் வண்டியில் இதை இவ்வளவு துல்லியமாகச் செய்வது கடினம். குவிக்‌ஷிஃப்டரும் அப்படித்தான். கிளட்ச் பிடிக்காமல் கியர் ஏற்றுவதற்கு எஞ்சினின் பற்றவைப்பை ஒரு கணம் வெட்டினால் போதும். அது கேபிள் வண்டியிலும் நடக்கும். கிளட்ச் பிடிக்காமல் கியர் இறக்க வேண்டுமென்றால் எஞ்சின் தானே ஒரு முறை உறுமி, தன் வேகத்தை அடுத்த கியருக்கு ஏற்றபடி உயர்த்திக்கொள்ள வேண்டும். வால்வைத் தானே திறக்கத் தெரிந்த எஞ்சினால்தான் அது முடியும். 2024-இல் ஏற்றவும் இறக்கவும் வேலை செய்கிற குவிக்‌ஷிஃப்டரை டி.வி.எஸ்ஸால் தர முடிந்ததற்குக் காரணம், 2020-இல் கேபிளைக் கழற்றியது.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகப் படுவது வளைவில் வேலை செய்யும் ஏபிஎஸ். சாதாரண ஏபிஎஸ், வண்டி நிமிர்ந்து நிற்கிறது என்ற நம்பிக்கையில் கணக்குப் போடுகிறது. டயருக்குச் சாலையைப் பிடிக்கும் சக்தி ஓர் அளவுதான். வண்டி சாய்ந்திருக்கும்போது அதில் பெரும்பகுதி பக்கவாட்டில் வழுக்காமல் இருக்கவே செலவாகிவிடும். பிரேக்குக்கு மிஞ்சுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைத் தாண்டி நிமிர்ந்த வண்டிக்குரிய அழுத்தத்தைக் கொடுத்தால், ஏபிஎஸ் விழித்துக்கொள்வதற்குள் முன்சக்கரம் போய்விடும். புதிய வண்டியில் 'டைனமிக் ப்ரோ' என்ற கிட்டைச் சேர்த்து வாங்கினால், வண்டி எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்று அளக்கும் கருவி வருகிறது. பிரேக்கும் பின்சக்கர வழுக்கல் கட்டுப்பாடும் அந்தக் கோணத்தைப் பார்த்து வேலை செய்கின்றன. அறிமுகத்தின்போது அந்தக் கிட்டின் விலை 16,000 ரூபாய். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு மழை நாளில், திருப்பத்துக்கு அந்தப் பக்கம் பேருந்து ஏறி வருவது கடைசி நொடியில் தெரியும்போது, அந்தப் பதினாறாயிரத்தின் மதிப்பு புரியும். நான்கு குதிரை அங்கே எதற்கும் உதவாது.

பழைய வண்டியில் என்னென்ன செய்துகொள்ளலாம் என்று யாரும் கேட்பதில்லை. ஷோரூமில் சொல்லவும் மாட்டார்கள். 2019-இல் ஸ்லிப்பர் கிளட்ச் வந்தபோது ஏற்கெனவே வாங்கியவர்களும் அதைப் பொருத்திக்கொள்ளலாம் என்று நிறுவனமே அறிவித்தது. அவசரமாக இரண்டு கியர் இறக்கினால் பின்சக்கரம் துள்ளும் பழக்கம் அதோடு அடங்கும். 2020 வண்டி ஒட்டிக்கொண்டு ஓடுகிறது என்று பலரும் பாராட்டியதில் பெரிய பங்கு அதில் வந்த மிஷலின் ரோடு 5 டயருக்கு உண்டு. டயர் எந்த ஆண்டு வண்டியிலும் ஏறும். ஃபோர்க் ஆயிலைப் பல வருடமாக மாற்றாமல் ஓட்டிவிட்டு, புதிய வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து 'சஸ்பென்ஷன் எங்கேயோ போய்விட்டது' என்று வியப்பவர்கள் ஒப்பிடுவது ஆறு வருடத் தேய்மானத்தைத்தான், இரண்டு மாடல்களை அல்ல. ஆயில், சீல், செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் பேட், நல்ல டயர் எல்லாவற்றையும் போட்டபிறகு ஒரு வாரம் பழையதை ஓட்டிவிட்டுத்தான் டெஸ்ட் ரைடுக்குப் போக வேண்டும்.

ஒன்றை மட்டும் பழையதில் முழுதாகச் சரிசெய்ய முடியாது: அதிர்வு. ஆரம்ப வருட வண்டிகளைப் பற்றி அதிகம் பேசப்பட்ட குறை அது. வேகம் ஏற ஏறக் கால்மிதியிலும் டேங்கிலும் ஓர் உதறல். பின்னால் வந்தவற்றில் படிப்படியாகக் குறைத்திருக்கிறார்கள். பெரிய ஒற்றை சிலிண்டரில் முழுதாகப் போகாது.

புதியதில் இரண்டு பக்கமும் சிறகுகள் வைத்திருக்கிறார்கள். வேகத்தில் மூன்று கிலோ அளவுக்கு வண்டியைக் கீழே அழுத்தும் என்கிறது நிறுவனம். கிளட்ச் உள்ளே சுழல்வது தெரியும்படி கண்ணாடி போன்ற மூடி ஒன்றும் உண்டு. இரண்டும் அழகு. மேலே போகலாம்.

பணக் கணக்கு இப்போது கொஞ்சம் விசித்திரமாகிவிட்டது. 2024-இல் குவிக்‌ஷிஃப்டர் இல்லாத புதிய வண்டி ஷோரூம் விலையில் 2.75 லட்சம், இருப்பது 2.92 லட்சம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள இருசக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம். 312 சிசி என்பதால் இந்த வண்டி கோட்டுக்கு நல்ல பக்கத்தில் விழுந்தது. 2.75 லட்ச ரூபாய் வண்டியில் இது ஏறக்குறைய 21,500 ரூபாய் குறைகிற கணக்கு. அதேசமயம் 373 சிசி கேடிஎம் ஆர்சி 390 கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. நாலு வருடத்துக்கு முன்பு 'ஆர்ஆர் எடுப்பதா, ஆர்சி எடுப்பதா' என்று நடந்த டீக்கடை விவாதத்தில் பாதியை வரியே முடித்துவைத்துவிட்டது.

இந்தக் குறைப்புக்கு மறுபக்கமும் உண்டு. புதிய வண்டி மலிவானால் பழையதின் மறுவிற்பனை விலையும் கூடவே இறங்கும். எக்ஸ்சேஞ்சில் சொல்லும் தொகையைக் கேட்டு மனம் கசப்பது இதனால்தான். அதன் மேல் தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்குச் சாலை வரி 12 சதவீதம். புதிய வண்டியென்றால் ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீட்டையும் சேர்த்தே கட்ட வேண்டும். பலர் கோட்டைவிடுகிற சேமிப்பு ஒன்று இதில் இருக்கிறது. ஐந்து வருடம் க்ளெய்ம் எதுவும் வாங்காதவருக்கு சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. அந்தத் தள்ளுபடி வண்டியைச் சேர்ந்ததல்ல, ஆளைச் சேர்ந்தது. பழையதை விற்கும்போது காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான கடிதம் வாங்கிக்கொண்டால் புதிய வண்டிக்கு அப்படியே வந்துவிடும்.

பெட்ரோல் பங்கிலும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. இப்போது பெரும்பாலும் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் உள்ள எரிசக்தி பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே ஒரு லிட்டருக்குள் ஆறேழு சதவீதம் சக்தி குறைவு. மைலேஜ் கொஞ்சம் அடிபடும். அது பழையதற்கும் புதியதற்கும் பொது. பழைய வண்டிக்கு மட்டும் உரிய கவலை ரப்பர் குழாய்களும் சீல்களும். 20 சதவீதக் கலப்பைத் தாங்கும் பாகங்கள் 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்குத்தான் கட்டாயம். 2018 வண்டியில் எரிபொருள் குழாயை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்ல வேண்டும்; வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் டேங்கில் பெட்ரோலைத் தேங்கவிடக் கூடாது. வண்டியையே மாற்றுகிற அளவுக்கு இது காரணமாகாது.

ஆக, யார் மாற்றலாம்? 2020-க்குப் பிந்தைய வண்டி வைத்திருப்பவர் பேசாமல் இருக்கலாம். கேபிள் ஏற்கெனவே போய்விட்டது, மோடுகள் இருக்கின்றன, டயர் நல்ல டயர். அவருக்குக் கூடுதலாகக் கிடைக்கப்போவது குவிக்‌ஷிஃப்டரும் சாய்வறிந்த பிரேக்கும். அதற்காக ஒரு வண்டியையே நஷ்டத்துக்கு விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 2018 வண்டியை அலுவலகத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை காலை மகாபலிபுரம் போய்வரவும் மட்டும் வைத்திருப்பவரும் ஸ்லிப்பர் கிளட்ச், டயர், ஃபோர்க் சர்வீஸோடு நிறுத்திக்கொள்ளலாம். மலைப்பாதையிலும் மழையிலும் அடிக்கடி தூரப்பயணம் போகிறவர் மாற்றட்டும். ஆனால் டைனமிக் ப்ரோ கிட் இல்லாமல் எடுத்தால் அவர் மாற்றியதற்கே பொருளில்லை. பணம் இடிக்குமென்றால் சிறப்பு நிறத்தை விடட்டும்.

பந்தயச் சாலை ஆசையில் மாற்ற நினைப்பவரிடம் நான் சொல்வது விளம்பரத்துக்கு நேர் எதிரானது. விளம்பரங்களில் புதிய வண்டி ட்ராக்கில் சாய்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் சுற்றில் முதன்முதலாக ஓட்டக் கற்பவருக்கு ஏற்றது பழையதுதான். கேபிள் த்ராட்டிலில் கை செய்கிற பிசகு அப்படியே சக்கரத்துக்குப் போகும். மறைத்துவைக்க கணினி இல்லாததால் சீக்கிரம் திருத்திக்கொள்ளலாம். பழகும்போது விழாதவர் இல்லை. மூன்று லட்ச ரூபாய் வண்டி சரளையில் உராயும்போது வரும் வயிற்றெரிச்சல், முழுப்பணமும் கட்டி முடித்த வண்டிக்கு வராது. எக்ஸ்சேஞ்சில் கிடைக்கும் அந்தத் தொகைக்கு, தலைகீழ் ஃபோர்க்கும் ட்ரெல்லிஸ் ஃப்ரேமும் உள்ள 34 குதிரைத்திறன் பயிற்சி வண்டி வெளியே எங்கும் அமையாது. மலைக்காகப் புதியதை வாங்குகிறவரும், வாசலில் இடமிருந்தால், பழையதை விற்காமல் இதற்கென்று வைத்துக்கொள்ளலாம்.