சுரங்கம் வெட்டிக் கொடுத்த தரகர்கள்

தரகர் என்றதும் நமக்கு வீட்டுத் தரகர், கல்யாணத் தரகர், மாட்டுத் தரகர் எல்லாரும் நினைவுக்கு வருவார்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைப்பார்கள், கமிஷன் வாங்கிக்கொள்வார்கள். இணைய வரலாற்றிலும் ஒரு தரகர் கூட்டம் உண்டு. அவர்களுக்கு "டன்னல் புரோக்கர்" என்று பெயர். பழைய இணையத்தில் இருந்தவர்களைப் புதிய இணையத்தோடு சேர்த்து வைப்பதுதான் அவர்கள் வேலை. புகழ்பெற்ற தரகர்கள் இதற்குக் காசு வாங்கவில்லை. அதைவிட ஆச்சரியம், அவர்களில் ஒருவர் தன் சேவையே முன்னேற்றத்துக்குத் தடையாகிவிட்டதோ என்று யோசித்துக் கடையை மூடியதுதான். அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஏன் புதிய முகவரி?

இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். அந்த முகவரி எப்படி இருக்க வேண்டும், தகவல் பொதிகள் அதை வைத்து எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்று சொல்வதுதான் ஐபி என்ற இணைய நெறிமுறை. அதன் நான்காம் பதிப்பான ஐபிவி4, 1981 செப்டம்பரில் ஆர்எஃப்சி 791 என்ற ஆவணமாக வெளிவந்தது. ஆர்எஃப்சி என்பது இணையப் பொறியாளர்கள் தங்கள் தரநிலைகளை வெளியிடும் ஆவண வரிசை. ஐபிவி4 முகவரிக்கு 32 பிட். கணக்குப் போட்டால் சுமார் 429 கோடி முகவரிகள். சில பல்கலைக்கழகங்களும் ஆய்வகங்களும் மட்டுமே இணைந்திருந்த அந்தக் காலத்தில் அது அள்ள அள்ளக் குறையாத செல்வம் போலத் தெரிந்தது.

1990களின் தொடக்கத்திலேயே அது போதாது என்று புரிந்துவிட்டது. அதற்கு மாற்றாக ஐபிவி6, 1995 டிசம்பரில் ஆர்எஃப்சி 1883 ஆக வந்தது. 1998 டிசம்பரில் திருத்தப்பட்டு ஆர்எஃப்சி 2460 ஆனது. இதில் முகவரிக்கு 128 பிட். மொத்த முகவரிகளின் எண்ணிக்கையை எழுதினால் 39 இலக்கம் வரும்!

எல்லாம் சரி, மாறுவது எப்படி? ஐபிவி4 மட்டும் தெரிந்த கணினியும் ஐபிவி6 மட்டும் தெரிந்த கணினியும் நேரடியாகப் பேசிக்கொள்ள முடியாது. நடுவில் இருக்கும் ரவுட்டர்களும் புதியதைக் கற்றுக்கொள்ள வேண்டும். புதிய வலையில் பார்ப்பதற்குத் தளங்கள் இல்லை என்று இணைய நிறுவனங்கள் இணைப்புத் தரவில்லை. பார்ப்பதற்கு ஆளே இல்லை என்று தளங்களும் மாறவில்லை. கோழி முதலா முட்டை முதலா என்ற அதே கதைதான்.

கவருக்குள் கவர்

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேறக் கண்டுபிடித்த வழிதான் டன்னல், அதாவது சுரங்கப்பாதை. ஒரு தபால்காரருக்குப் பழைய முறை முகவரி மட்டும்தான் படிக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். புதிய முறையில் முகவரி எழுதிய கவரை இன்னொரு கவருக்குள் போட்டு, மேலே பழைய முறை முகவரியை எழுதிக் கொடுத்தால் அவர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். அங்கே இருப்பவர் வெளிக் கவரைப் பிரித்து, உள்ளே இருப்பதைப் புதிய வலையில் விட்டுவிடுவார். "உள்ளே இருப்பது ஐபிவி6" என்று சொல்ல, வெளிக் கவரில் 41 என்ற எண் இருக்கும். இதற்கு விலையும் உண்டு. வெளிக் கவர் 20 பைட் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஈதர்நெட்டில் 1500 பைட் போகிற இடத்தில் 1480 தான் போகும். மறுமுனை வேறு கண்டத்தில் இருந்தால் பக்கத்து ஊர்த் தளத்துக்குக்கூட உலகம் சுற்றித்தான் போக வேண்டும்.

1996இல் தொடங்கிய "சிக்ஸ்போன்" என்ற சோதனை வலை பெரும்பாலும் இப்படிப்பட்ட சுரங்கங்களால் பின்னப்பட்டது. ஆனால் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் இரண்டு முனையிலும் ஆள் உட்கார்ந்து கையால் அமைக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் நிபுணருக்கு இது முடியும். வீட்டில் லினக்ஸ் வைத்துக்கொண்டு ஆசைப்படும் மாணவன் என்ன செய்வான்?

தரகர் வருகிறார்

2001 ஜனவரியில் வெளிவந்த ஆர்எஃப்சி 3053 இதற்கு விடை சொன்னது. அலன் டுராண்டும் மூன்று இத்தாலியப் பொறியாளர்களும் சேர்ந்து எழுதியது. அவர்கள் சொன்ன வழி எளிமையானது. பயனர் ஒரு வலைத்தளத்தில் பதிவு செய்கிறார். தன் ஐபிவி4 முகவரியைக் கொடுக்கிறார். தரகர் தன் பக்கத்து முனையைத் தானாகவே அமைத்து, பயனர் தன் கணினியில் செய்ய வேண்டியதையும் கையில் கொடுத்துவிடுகிறார். சில நிமிடத்தில் வேலை முடிந்தது.

இப்படிப்பட்ட சேவைகள் அந்த ஆவணத்துக்கு முன்பே முளைக்கத் தொடங்கிவிட்டன. கனடாவின் ஃப்ரீநெட்6 1999இல் வந்தது. அமெரிக்காவின் ஃப்ரீமான்ட் நகரைச் சேர்ந்த ஹரிகேன் எலக்ட்ரிக் நிறுவனம் தன் வலையமைப்பு முழுவதையும் பின்னால் வைத்து இலவசச் சுரங்கம் தந்தது. பயனர் ஒருவருக்கு 65,536 துணை வலைகள் அமைக்கிற அளவுக்கு முகவரி கொடுத்தார்கள்! ஐபிவி4இல் ஒற்றை முகவரிக்கு மாதக் கட்டணம் கட்டியவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்?

ஐரோப்பாவில் சிக்ஸ்எக்ஸ்எஸ் என்ற சேவையை ஜெரோன் மசார், பிம் வான் பெல்ட் என்ற இருவர் நடத்தினார்கள். இது கம்பெனி இல்லை, தன்னார்வ முயற்சி. பல நாட்டு இணைய நிறுவனங்கள் கொடுத்த சர்வர்களில் ஓடியது. வீட்டு ரவுட்டர்கள் பல, 41 என்று எழுதிய பொதிகளைக் கடத்தாமல் தடுத்தன. அதைத் தாண்ட இவர்கள் பொதியை யுடிபிக்குள் வைத்து அனுப்பும் "அயியா" என்ற நெறிமுறையை உருவாக்கினார்கள். சுரங்கத்தை விடாமல் உயிரோடு வைத்திருந்தால் பயனருக்குப் புள்ளிகள் சேரும் என்ற ஏற்பாடும் இருந்தது.

தரகரே வேண்டாம், தானாகவே சுரங்கம் அமையட்டும் என்று நினைத்தவர்களும் உண்டு. 2001இல் வந்த "சிக்ஸ்-டு-ஃபோர்" அப்படிப்பட்டது. 2006இல் ஆர்எஃப்சி 4380 ஆன மைக்ரோசாஃப்டின் "டெரிடோ" இன்னொன்று. மரக் கப்பல்களைத் துளைக்கும் கப்பல் புழுவின் அறிவியல் பெயர்தான் டெரிடோ. பொருத்தமான பெயர்! ஆனால் தானியங்கிச் சுரங்கத்தில் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. பொதி தொலைந்தால் யாரைக் கேட்பது? சிக்ஸ்-டு-ஃபோர் நம்ப முடியாததாகவே இருந்தது. அதில் யாரோ ஒருவரின் ரிலேயை நம்பியிருக்கும் முறையை 2015இல் ஆர்எஃப்சி 7526 கைவிடச் சொல்லிவிட்டது. பொறுப்பேற்க ஒரு தரகர் இருந்ததுதான் மற்ற சுரங்கங்களின் பலம் என்று இதிலிருந்து புரிகிறது.

கடையை மூடிய தரகர்

2011 பிப்ரவரி 3 அன்று உலக முகவரிக் களஞ்சியமான ஐயானாவிடம் இருந்த கடைசி ஐபிவி4 தொகுதிகளும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. 2012 ஜூன் 6 அன்று கூகுள், ஃபேஸ்புக் போன்ற பெரிய தளங்கள் ஐபிவி6ஐ நிரந்தரமாகத் திறந்துவிட்டன. இனி இணைய நிறுவனங்கள் சாக்குச் சொல்ல முடியாது அல்லவா? ஆனால் அவர்களுக்கு வேறொரு சாக்கு கிடைத்தது. ஐபிவி6 கேட்கும் வாடிக்கையாளரிடம், "அதற்குத்தான் டன்னல் இருக்கிறதே" என்று சொல்லிவிடலாம்.

சிக்ஸ்எக்ஸ்எஸ் நடத்தியவர்களை இதுதான் உறுத்தியது. வாடிக்கையாளர்கள் தங்கள் நிறுவனத்திடமே ஐபிவி6 கேட்க வேண்டும் என்று ஓர் இயக்கம் நடத்திப் பார்த்தார்கள். புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். கடைசியில் 2017 ஜூன் 6 அன்று சேவையையே மூடினார்கள். சிக்ஸ்போன் விடைபெற்றதும் 2006இல் இதே ஜூன் 6தான். ஃப்ரீநெட்6 அதற்குள் 2016இலேயே நின்றுபோயிருந்தது. ஹரிகேன் எலக்ட்ரிக் மட்டும் இன்றும் இலவசமாகச் சுரங்கம் தருகிறது. அங்கேயும் பாதை கரடுமுரடுதான். ஒருவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைச் சுரங்கம் மறைத்துவிடுவதால் 2016இல் நெட்ஃபிளிக்ஸ் அந்த முகவரிகளைத் தடுத்தது.

மூடியது சரியா? சரி என்றே நினைக்கிறேன். தரகர்கள் ஒரு தலைமுறைக்கு ஐபிவி6 கற்றுக் கொடுத்தார்கள். மென்பொருள்களின் பிழைகள் இந்தச் சுரங்கங்கள் வழியாகவே வெளிப்பட்டன. ஆனால் கோடிக்கணக்கான சாதாரண மக்களுக்கு அது போய்ச் சேர்ந்தது நிறுவனங்கள் நேரடியாகக் கொடுத்தபோதுதான். 2016 செப்டம்பரில் ஜியோ ஐபிவி6 உடனேயே சேவை தொடங்கிய பிறகு, உலகில் ஐபிவி6 பயன்பாட்டில் முன்வரிசையில் இருக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்றாகிவிட்டது. அந்த மக்களில் எத்தனை பேருக்கு டன்னல் என்ற பெயர் தெரியும்? தெரியாமல் இருப்பதுதான் அந்தத் தரகர்களின் வெற்றி. கட்டடம் எழும்பும் வரை சாரம் வேண்டும். எழும்பிய பிறகும் அதைப் பிரிக்காவிட்டால் குடிபுக முடியாது.

கடைசியாக ஒரு சுவையான செய்தி. 2001இல் தரகர் ஆவணத்தை எழுதிய அதே அலன் டுராண்ட், 2011 ஆகஸ்டில் வந்த ஆர்எஃப்சி 6333ஐ எழுதியவர்களிலும் ஒருவர். அதன் பெயர் "டிஎஸ்-லைட்". அதுவும் ஒரு சுரங்கம்தான். ஆனால் இந்த முறை வெளிக் கவர் ஐபிவி6, உள்ளே இருப்பது ஐபிவி4. பத்தே வருடத்தில் கவர் தலைகீழாக மாறிவிட்டது!