ஆஸ்திரேலியாவின் சொல்வதெழுதுதல் தேர்வு

ஆஸ்திரேலியாவின் சொல்வதெழுதுதல் தேர்வு என்பது 1901 முதல் 1958 வரை அந்நாட்டின் குடிவரவுச் சட்டத்தில் இருந்த ஒரு விதியாகும். கப்பலில் வந்து இறங்குபவருக்கு அதிகாரி ஐம்பது சொற்கள் கொண்ட ஒரு பத்தியை ஐரோப்பிய மொழி ஒன்றில் வாசித்துக் காட்டுவார். வந்தவர் அதைக் கேட்டு எழுத வேண்டும். தவறினால் அவர் தடைசெய்யப்பட்ட குடியேறி. ஆறு மாதம் வரை சிறையும் நாடுகடத்தலும் விதிக்கப்படலாம். ‘வெள்ளை ஆஸ்திரேலியா’ எனப்பட்ட கொள்கையின் முதன்மைக் கருவி இதுவே. ஆயினும் தேர்வைப் பற்றிய பிரிவில் இனம், நிறம் என்ற சொற்களே கிடையாது.

ஆசியர் வருகையைத் தடுக்கும் முயற்சி இதற்கு அரை நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டது. தங்கம் தேடி வந்த சீனர்கள்மீது விக்டோரியா குடியேற்றம் 1855இல் தலைக்குப் பத்து பவுன் வரி விதித்தது. அவர்களோ பக்கத்துத் தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, தங்க வயல்களுக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தே சென்றனர். இத்தகைய ஓட்டைகளை அடைக்க நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் தேவைப்பட்டது. 1901இல் ஆறு குடியேற்றங்களும் இணைந்து ஒரே கூட்டாட்சியானபோது, புதிய நாடாளுமன்றம் இயற்றிய தொடக்ககாலச் சட்டங்களில் ஒன்றாகக் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமைந்தது.

கூலி குறையும் என்று அஞ்சிய தொழிற்கட்சியினர் ஆசியருக்கு வெளிப்படையான தடையையே கேட்டனர். லண்டன் அதை விரும்பவில்லை. இந்தியர் பிரிட்டிஷ் முடியின் குடிமக்கள். ஜப்பானோ பகைத்துக்கொள்ளக் கூடாத நாடு. எனவே குடியேற்றத் துறை அமைச்சர் ஜோசப் சேம்பர்லின் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் வழியைப் பரிந்துரைத்தார். அங்கு 1897 ஜனவரியில், காந்தியும் பிற இந்தியரும் வந்த இரு கப்பல்களை எதிர்த்து டர்பன் துறைமுகத்தில் வெள்ளையர் திரண்டனர். அதே ஆண்டில் நேட்டால் ஒரு மொழித் தேர்வுச் சட்டத்தை இயற்றி, இனத்தின் பெயரைச் சொல்லாமலே கதவைச் சாத்தியது.

பள்ளியில் சொல்வதெழுதுதல் வைப்பது மாணவன் கற்றதை அறிய. இங்கே வந்தவருக்குத் தெரியாத மொழியைத் தேர்ந்தெடுப்பதே அதிகாரியின் வேலை. ஆங்கிலம் நன்கறிந்த இந்தியருக்கு வேறொரு ஐரோப்பிய மொழியில் பத்தி வாசிக்கச் சட்டம் இடமளித்தது. 1909க்குப் பிறகு ஒருவர்கூடத் தேர்ச்சி பெறவில்லை. ஜப்பானின் மனக்குறையைத் தணிக்க 1905இல் ‘ஐரோப்பிய மொழி’ என்பது ‘விதிக்கப்படும் எந்த மொழியும்’ என்று மாற்றப்பட்டது. ஆனால் ஆசிய மொழி எதுவும் விதிக்கப்படவே இல்லை. நாட்டுக்குள் வந்து ஓராண்டு ஆகாதவர்களுக்கும் தேர்வு வைக்கலாம் என்றிருந்தது, 1932இல் ஐந்தாண்டாக நீட்டிக்கப்பட்டது.

இப்படிப்பட்ட கருவி ஒரு குறிக்கோளோடு நிற்பதில்லை. 1934இல் போர் எதிர்ப்பு மாநாட்டுக்கு வந்த செக் நாட்டு எழுத்தாளர் எகோன் கிஷ் தரையிறங்கத் தடை விதிக்கப்பட்டது. அவர் மெல்போர்னில் கப்பலிலிருந்து குதித்துக் காலை முறித்துக்கொண்டார். பல மொழிகள் அறிந்த அவருக்குச் சிட்னியில் ஸ்காட்லாந்து கேலிக் மொழியில் தேர்வு வைக்கப்பட்டது! சட்டம் கருதும் ஐரோப்பிய மொழி அதுவன்று என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1936இல் லாகூரில் பிறந்த ஆங்கிலேயப் பெண் மேபல் ஃபிரீரைத் தடுக்க இத்தாலிய மொழி பயன்பட்டது. நிறத்தால் அவரைத் தடுக்க வழியே இல்லை.

கிஷ்ஷைத் தடுக்க முயன்ற அரசில் தலைமை வழக்கறிஞராக இருந்த ராபர்ட் மென்சீஸ் பிரதமராக இருந்தபோதுதான், 1958ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் இத்தேர்வை ஒழித்தது. அதனால் வெள்ளை ஆஸ்திரேலியா உடனே மறைந்துவிடவில்லை. நுழைவு அனுமதியை வழங்குவதும் மறுப்பதும் அமைச்சரின் கையில் இருந்தன. 1966இல் ஹோல்ட் அரசு விதிகளைத் தளர்த்தியது. 1973இல் விட்லம் அரசு குடிவரவுத் தேர்விலிருந்து இன அளவுகோலை முற்றாக நீக்கியது. 1979இல் புள்ளி முறை வந்தது.

1958ஆம் ஆண்டுச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ளது. 1992இல் அதில் கட்டாயத் தடுப்புக்காவல் சேர்க்கப்பட்டது. போருக்குத் தப்பி இலங்கையிலிருந்து படகேறிய தமிழர் பலர் அந்தப் பிரிவின்கீழ்தான் தடுத்து வைக்கப்பட்டனர்.