இளவயது ஆண் வழுக்கையும் வளர்சிதை மாற்ற நலமும்

இளவயது ஆண் வழுக்கை என்பது 35 வயதுக்கு முன்பே நெற்றியோரத்திலும் உச்சந்தலையிலும் முடி மெலிந்து உதிரும் நிலையாகும். நோய் எதிர்ப்பாற்றல் மயிர்க்கால்களையே தாக்குவதால் வட்டத் திட்டாக முடி கொட்டும் புழுவெட்டு வேறு. ஆண் வழுக்கையோ மரபுவழியாலும் ஆண் இயக்குநீர்களாலும் வருவது. டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீர், தோலிலுள்ள ஒரு நொதியால் வீரியம் மிகுந்த டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாறி மயிர்க்காலின் வளர்பருவத்தைக் குறுக்குவதால், கருத்துத் தடித்திருந்த முடி ஒவ்வொரு சுற்றிலும் மெலிந்து இறுதியில் பூனைமயிராகிவிடுகிறது.

இம்மாற்றம் தலையோடு நிற்பதில்லை என்ற ஐயத்தை வலுப்படுத்தியது, 2000ஆம் ஆண்டு லான்செட் இதழில் மட்டிலைனன் குழுவினர் வெளியிட்ட பின்லாந்து ஆய்வாகும். 35 வயதுக்கு முன் வழுக்கை தொடங்கியவர்களிடம் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் சுரந்தும் திசுக்கள் அதற்குச் சரிவர இணங்காத நிலை, மிகுதியாக இருப்பதை அது சுட்டியது. இரத்தத்தில் இன்சுலின் ஏறும்போது, பாலியல் இயக்குநீர்களைப் பிணைத்துவைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாகச் சுரக்கிறது. அதனால் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் பெருகுகிறது என்பது இத்தொடர்புக்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று. எனினும் எல்லா ஆய்வுகளும் ஒருமுகமாக இல்லை. வழுக்கை நீரிழிவை உண்டாக்குவதும் இல்லை. உச்சி வழுக்கைக்கும் இதய நோய்க்கும் காணப்படும் தொடர்பு நெற்றி வழுக்கையில் அவ்வளவு தெளிவாக இல்லாததால், உச்சியில் தொடங்கும் உதிர்வே கூடுதல் கவனத்துக்குரியது.

தமிழ்நாட்டுக்கு இது தொலைவான செய்தியன்று. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வு, நாட்டில் பெரியவர்களுள் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. தெற்காசியர்கள் எடை குறைந்திருந்தும் வயிற்றில் கொழுப்பைச் சேர்ப்பவர்கள் என்பதால், ஆண்களின் இடுப்புச் சுற்றளவுக்கு அவர்களுக்கென 90 செ.மீ. என்ற தாழ்ந்த வரம்பு வகுக்கப்பட்டுள்ளது. குமரி மாவட்டத்தின் மேற்கில், புதுக்கடை வட்டாரத்தில், அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் அன்றாட உணவு. அதன் மாவுச்சத்தே முடி உதிர்வுக்குக் காரணம் என்பது தவறு. ஆனால் அரிசியும் கிழங்கும் தட்டை நிறைக்க, உடலுழைப்பும் குறைந்துவிட்டால், இன்சுலினின் சுமை கூடவே செய்யும்.

புதுக்கடையை அடுத்த முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி உள்ளது. முடி உதிர்ந்தால் கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சும் வழக்கமும் இப்பகுதியில் பழையது. தைலம் தேய்ப்பதில் பிழையில்லை, அத்துடன் நின்றுவிடுவதே பிழை. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, இயல்பாக மூச்சை விட்டபின் அளந்து, வெறும்வயிற்றில் சர்க்கரையும் கொழுப்பும் சோதித்து, இரத்த அழுத்தமும் பார்த்துவிடலாம். தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின் பரிசோதனையோ 30 வயதில்தான் தொடங்குகிறது; 22 வயதில் உச்சி தெரியத் தொடங்கிய இளைஞர் அதுவரை எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாமலே போகக்கூடும்.