அயல்வீட்டு ஓசையும் வாடகை வீட்டுச் சட்டமும்

திருகோணமலையிலிருந்து வடக்கே, நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்து செல்லும் கரையோரச் சாலையில் திரியாய் என்னும் பழம்பதி அமைந்துள்ளது. குன்றின் மேல் பழைய பௌத்தத் தூபியும், பல்லவ கிரந்த எழுத்தில் பொறித்த வடமொழிக் கல்வெட்டும் உள்ள ஊர் என்று வரலாற்றறிஞர் அதனை அறிவர். குளமும் வயலும் சூழ்ந்த ஊர் என்று அயலூரார் அறிவர். இத்தகைய ஊர்களில் ஒரு வளவுக்கும் மறு வளவுக்கும் இடையே வேலியும் மரங்களும் வெளியும் உண்டு. ஒரு வீட்டின் உலக்கை ஓசையும் குழந்தையின் அழுகையும் அடுத்த வீட்டை அடையுமுன் பாதி தேய்ந்துவிடும்.

1985 ஆம் ஆண்டில் போர் திரியாய் மக்களை ஊரைவிட்டு விரட்டியது. அவர்களைப் போலவே கிழக்கிலும் வடக்கிலும் ஊரிழந்த பல்லாயிரவர் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் திருகோணமலை, கொழும்பு முதலிய நகரங்களின் வாடகை வீடுகளிலும் காலங்கழிக்க நேர்ந்தது. வேலி இருந்த இடத்தில் ஒற்றைச் சுவர் வந்தது. தலைக்கு மேல் வானம் இருந்த இடத்தில் மற்றொருவரின் தரை வந்தது. நள்ளிரவில் மேல்மாடியில் கதிரை இழுபடும் ஓசையும், பக்கத்து அறையின் வானொலியும் உறக்கத்தைக் கெடுக்கும்போது, வீடும் சொந்தமில்லாத ஒருவர் என்ன உரிமையைக் கொண்டு முறையிடுவது? இவ்வினாவுக்கு நீண்ட வரலாறு உண்டு. அதனையே இன்று சுருக்கமாக நோக்குவோம்.

வாடகைக் குடியிருப்பும் அயலோசையும் ஒன்றாய் வளர்ந்த நகரங்களுள் பண்டைய ரோமாபுரி முதன்மையானது. அங்கே பெரும்பாலான மக்கள் பல மாடிக் கட்டடங்களில் வாடகைக்கு வாழ்ந்தனர். பகற்பொழுதின் பெரும்பகுதியில் பாரவண்டிகள் நகரத்தினுள் செல்லலாகாது என்று கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் விதி செய்தனர். பகலின் நெரிசல் குறைந்தது. ஆனால், வண்டிகளின் ஓசை இரவுக்கு மாறிற்று. உறக்கமின்மையே ஏழைக் குடியிருப்பாளரின் நோய் என்று யுவெனல் என்ற கவிஞர் அங்கதம் பாடினார். செனெக்கா என்ற தத்துவ ஞானி, பொதுக் குளிப்பிடம் ஒன்றின் மேலே தாம் தங்கியிருந்தபோது கேட்ட ஓசைகளை ஒரு கடிதத்தில் பட்டியலிட்டார். உள்ளம் அமைதியாயிருந்தால் எந்த ஓசையும் தீண்டாது என்று வாதிட்டுச் சென்றவர், முடிவில் அவ்விடத்தை விட்டுப் போகவே தீர்மானித்தார். ஞானிக்கு வேறிடம் கிடைத்தது. வேறிடம் தேட இயலாத குடியானவனுக்குச் சட்டமே துணையாக வேண்டியிருந்தது.

அச்சட்டத்தின் வித்தினை ஒரு பாற்கட்டிக் கடையின் புகையிலே காண்கின்றோம். கீழேயுள்ள கடையிலிருந்து எழும் புகை மேல்வீட்டுக்குள் புகலாமா என்ற வினா ரோமச் சட்டவறிஞர் முன் வந்தது. தனிப்பட்ட உரிமையொன்று இருந்தாலன்றி அவ்வாறு புகவிடல் ஆகாது என்றார் அரிஸ்டோ. தன் இடத்தில் ஒருவன் விரும்பியதைச் செய்யலாம், ஆயின் பிறன் இடத்தினுள் எதனையும் செலுத்தலாகாது என்பதே அதன் அடிப்படை. அதே வேளையில், நாளாந்த அடுப்பின் மென்புகையைக் கடைப்புகையோடு ஒப்பாக வைக்கலாகாது என்பதையும் அவர்கள் உணர்ந்தனர். வாழ்க்கைக்கு இன்றியமையாத அளவைப் பொறுத்தல், அதற்கு மேற்பட்டதைத் தடுத்தல் என்னும் இருமுனை நெறி இவ்வாறு தோன்றிற்று. 6 ஆம் நூற்றாண்டில் யுஸ்தினியன் பேரரசன் தொகுப்பித்த சட்டத் திரட்டில் இக்கருத்துகள் இடம்பெற்றன.

ரோமாபுரியின் நெறி நம் நாட்டுக்கு வந்த வழி கடல்வழியே. ஒல்லாந்து நாட்டினர் ரோமச் சட்டத்தைத் தம் வழக்கங்களோடு இணைத்து உரோம ஒல்லாந்தச் சட்டம் ஆக்கினர். அதனைத் தம் ஆட்சியோடு இலங்கைக்குக் கொணர்ந்தனர். 1795 ஆம் ஆண்டில் பிரித்தானியர் திருகோணமலைக் கோட்டையைக் கைப்பற்றினர். எனினும், 1799 ஆம் ஆண்டின் பிரகடனத்தால் ஒல்லாந்தர் காலச் சட்டத்தைத் தொடர்ந்து நிலைபெறச் செய்தனர். ஆகவே, அயலவரின் தொல்லை பற்றி இன்று இலங்கை நீதிமன்றத்தில் வாதிடுவோர், தாம் அறிந்தோ அறியாமலோ, அப்பழைய கடைப்புகையின் வழக்கையே தொடர்கின்றனர்.

வாடகைக் குடியிருப்பாளரைப் பற்றிய தனிச்சட்டம் பிறந்தது போர்க்காலத்தில். 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு வீசின. அதே ஆண்டில் 60 ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. போர்க்காலத்தில் வீடு கிடைத்தல் அரிதாகும்; வாடகை ஏறும்; வீட்டுக்காரர் நினைத்தபோது குடியிருப்பாளரை வெளியேற்றினால் அவர் எங்கே போவார்? இக்கவலையே 1948 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்திலும், 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்திலும் தொடர்ந்தது.

அச்சட்டங்கள் குடியிருப்பாளரின் கூரையைக் காத்தன. ஆயினும் அக்காப்பு நீங்கும் காரணங்கள் சிலவற்றையும் வகுத்தன. வாடகை செலுத்தாமை ஒன்று. அடுத்துள்ள வீட்டாருக்குத் தொல்லையாக நடந்துகொள்ளுதல் மற்றொன்று. வீட்டுக்காரரை எதிர்த்து நிற்கக் குடியிருப்பாளருக்கு வலிமை அளித்த சட்டம், அயலவரின் நிம்மதிக்கு முன்னே அவ்வலிமையை அடக்கி வைத்தது. தராசின் ஒரு தட்டில் ஒரு குடும்பத்தின் கூரை; மறு தட்டில் இன்னொரு குடும்பத்தின் உறக்கம்.

இத்தராசு தவறாகவும் பயன்படக்கூடும். கூடுதல் வாடகைக்கு வீட்டை விட விரும்பும் ஒருவர், அயலவரின் சிறு மனத்தாங்கலைப் பெரிதாக்கி ஒரு குடும்பத்தை வெளியேற்ற முனையலாம். எனவே, தொல்லை உண்மையில் தொல்லையா என்று தீர்மானிக்கும் பொறுப்பை 1972 ஆம் ஆண்டின் சட்டம் வீட்டுக்காரரிடம் விடாமல் நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. 1980 ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் பல வீடுகள் இச்சட்டத்தின் காப்புக்கு வெளியே நிற்கின்றன. அவ்வீடுகளில் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் குடியிருப்பாளர் எளிதில் வெளியேற்றப்படலாம். ஆகையால் அங்கே ஒரு முறைப்பாட்டின் விளைவு முன்னிலும் கடுமையானது.

ஓசைக்கு அளவு கண்டது பிற்காலத்தில். 1996 ஆம் ஆண்டின் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், இரைச்சல் குறைந்த பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரம்பிட்டன. ஒலிபெருக்கி தொடர்பான வழக்கொன்றில் 2007 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம், இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்று, சில விதிவிலக்குகளுடன், பணித்தது. ஆனால், மேல்மாடியில் ஓடும் குழந்தையின் காலடியை எக்கருவியால் அளந்து எந்த வரம்பில் வைப்பது? அது கடைப்புகையா, அடுப்புப் புகையா என்பதை மனிதரே பேசி முடிவு செய்தல் வேண்டும்.

அப்பேச்சுக்கும் நம் நாட்டில் மன்றங்கள் அமைந்தன. 1958 ஆம் ஆண்டின் சட்டத்தால் இணக்க சபைகள் தோன்றின. அவை மறைந்த பின், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டம் மத்தியஸ்த சபைகளை நிறுவிற்று. அங்கே சட்டத்தரணிகள் கட்சிக்காரருக்காகத் தோன்றுவதில்லை; இரு அயலவரும் நேரே எதிரெதிர் அமர்ந்து தம் குறையைத் தாமே சொல்ல வேண்டும். சுவரின் இரு பக்கத்தாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதே அம்முறையின் பயன்.

நேயர்களே, இவ்வரலாற்றிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஒழுங்கொன்றும் கிடைக்கின்றது. ஓசை எழுந்த இரவிலேயே கோபத்தோடு கதவைத் தட்டாது, மறுநாள் அமைதியான வேளையில் அயலவரிடம் நேரிற் சொல்வது முதற்படி. அயலவர் தம் ஓசை சுவருக்கு அப்பால் எவ்வாறு கேட்கிறது என்பதை அறியாதவராகவே பெரும்பாலும் இருப்பார். தொல்லை தொடருமாயின் நாளையும் நேரத்தையும் குறித்து வைத்தல் நன்று. பின்னர் வீட்டுக்காரரிடமோ, தொடர்மாடியாயின் அதன் நிருவாகக் குழுவிடமோ எழுத்தில் அறிவிக்கலாம். அதன் பின்னரே மத்தியஸ்த சபையும் பொலிசும் நீதிமன்றமும்.

வாடகைக்கு இருப்பவருக்குச் சுவர் சொந்தமன்று; அச்சுவருக்குள் அமைதியாக உறங்கும் உரிமை சொந்தம். அதே உரிமை சுவருக்கு அப்பால் இருப்பவருக்கும் உண்டு. அவருடைய கூரையைப் பறிக்காமல் நம் உறக்கத்தை மீட்க வழி இருக்குமாயின், அவ்வழியை முதலில் நாடுவதே முறை.