குதுப் மினார் ஏறுதல்

குதுப் மினார் ஏறுதல் என்பது தெற்குத் தில்லியின் மெஹ்ரோலியில் உள்ள 72.5 மீட்டர் உயரக் கோபுரத்தின் உட்படிகள் வழியே மேலே சென்று நகரைப் பார்க்கும் பழைய வழக்கம். பாங்கு சொல்பவர் ஏறுவதற்கென அமைந்த படிகள் 19ஆம் நூற்றாண்டில் பயணிகளின் பாதையாயின. 1981இல் நேர்ந்த நெரிசல் விபத்துக்குப் பிறகு அவை பொதுமக்களுக்கு மூடப்பட்டன.

அமைவிடம்

தில்லித் தமிழர்கள் முருங்கைக்காய்க்கும் மீனுக்கும் தேடிப் போகும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டை ஒட்டி ஓடுவது அரவிந்தோ மார்க். சப்தர்ஜங் கல்லறையருகே தொடங்கும் இச்சாலை தெற்கே மெஹ்ரோலியை நோக்கிச் செல்கிறது. மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் ஐ.என்.ஏ.வுக்குத் தெற்கே ஆறாவது நிலையம் குதுப் மினார். கோபுரம் நிலையத்துக்கு அருகில் இல்லை. அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும்.

கட்டுமானம்

தில்லியில் புதிய சுல்தானிய ஆட்சியை நிறுவிய குத்புதீன் ஐபக் 1199ஐ ஒட்டிக் கோபுரத்தைத் தொடங்கி முதல் நிலையை எழுப்பினார். அவருக்குப் பின் வந்த இல்துத்மிஷ் மேலும் மூன்று நிலைகளைச் சேர்த்தார். 1369இல் இடி தாக்கி உச்சியிலிருந்த நான்காம் நிலை சிதைந்தபோது, சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக் கோபுரத்தைச் செப்பனிட்டு, அந்த மேற்பகுதியைச் சலவைக்கல்லும் செம்மணற்கல்லும் கலந்து இரு நிலைகளாகக் கட்டினார். மொத்தம் ஐந்து நிலைகள் ஆனது இப்படித்தான். சிக்கந்தர் லோதி 1503இல் பழுது பார்த்ததைக் கல்வெட்டு கூறுகிறது.

அடியில் 14.3 மீட்டர் விட்டமுள்ள கோபுரம் உச்சியில் 2.75 மீட்டராகக் குறுகுகிறது. உள்ளே 379 படிகள் சுழன்று ஏறுகின்றன. ஒவ்வொரு நிலையின் முடிவிலும் வெளியே நீளும் மாடம் உண்டு. தொழுகைக்கு அழைக்கும் குரல் தொலைவுக்குக் கேட்பதும், புதிய ஆட்சியின் வெற்றி தொலைவிலிருந்து தெரிவதும் கோபுரத்தின் நோக்கங்கள். கூட்டமாக ஏறி இறங்குவதை மனத்தில் வைத்து அந்தப் படிகள் கட்டப்படவில்லை.

14ஆம் நூற்றாண்டில் தில்லிக்கு வந்த மொராக்கோ பயணி இப்னு பதூதா, உட்பாதையில் யானையே ஏறலாம் என்று எழுதிவைத்தார். படிகளின் உண்மையான அகலத்துக்கும் அந்தச் செய்திக்கும் தொடர்பில்லை.

காட்சிக் கோபுரமாதல்

17ஆம் நூற்றாண்டில் ஷாஜகான் வடக்கே ஷாஜகானாபாத்தைக் கட்டியபின் மெஹ்ரோலி தலைநகரின் புறத்தே நின்றது. இடிபாடுகளும் தோட்டங்களும் சூழ்ந்த அந்த இடம் ஆங்கிலேயர் காலத்தில் உல்லாசப் பயணத்துக்கு ஏற்றதாயிற்று. தில்லியின் ஆங்கிலேய ரெசிடென்ட் தாமஸ் மெட்காப், மினாருக்கு அருகிலிருந்த முகமது குலி கானின் கல்லறையை ஓய்வு மாளிகையாக மாற்றி 'தில்குஷா' என்று பெயரிட்டார்.

1803 நிலநடுக்கத்தில் உச்சி மண்டபம் விழுந்தது. பழுதுபார்த்த மேஜர் ராபர்ட் ஸ்மித் 1828இல் வங்காளப் பாணியில் புதிய மண்டபம் ஒன்றை மேலே வைத்தார். பொருந்தாத தலைப்பாகையாகத் தெரிந்த அதை 1848இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் இறக்கச் சொன்னார். 'ஸ்மித்தின் அசட்டுத்தனம்' எனப் பெயர் பெற்ற அந்த மண்டபம் இன்றும் கீழே புல்வெளியில் இருக்கிறது.

படிகளில் ஏறினாலும் வெளிச்சுவரின் உயரத்தில் உள்ள கல்வெட்டுகளைப் படிக்க முடியாது. 'ஆசாருஸ் சனாதீத்' (1847) என்னும் தில்லிச் சின்னங்கள் பற்றிய நூலுக்காக சையது அகமது கான் கூடையொன்றில் அமர்ந்து, கயிற்றில் தொங்கியபடி அவற்றைப் படியெடுத்தார். கீழே நின்ற நண்பர் இமாம் பக்ஷ் சஹ்பாய் அச்சத்தில் வெளிறிப்போனதாக அவரது வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

விடுதலைக்குப் பின் குதுப் மினார் பள்ளிச் சுற்றுலாக்களில் தவறாத இடமாயிற்று. 1963இல் வந்த 'தேரே கர் கே சாம்னே' இந்திப் படத்தில் தேவ் ஆனந்த் பாடியபடி நூதனுடன் குதுப் மினார் படிகளில் இறங்குவதாக வரும் காட்சி, ஏறிப் பார்க்கும் ஆசையை நாடெங்கும் பரப்பியது.

1981 விபத்து

மேல்நிலைகளுக்குச் செல்வது முன்பே நிறுத்தப்பட்டு, முதல் மாடம் வரை மட்டும் அனுமதி இருந்தது. 1981 டிசம்பர் 4 அன்று படிக்கட்டில் மின்விளக்குகள் அணைந்தன. உள்ளே முந்நூறுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். இருட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் கீழ்வாயிலை நோக்கி நெருக்கியதில் 45 பேர் இறந்தனர். பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள். அன்று முதல் கதவு பூட்டப்பட்டுள்ளது. 1993இல் குதுப் வளாகம் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமான பிறகும் அந்த முடிவு மாறவில்லை.

கோபுரம் செங்குத்திலிருந்து ஏறத்தாழ 65 செ.மீ. சாய்ந்திருப்பது உண்மைதான். ஆயினும் 45 உயிர்களைப் பறித்தது அந்தச் சாய்வு அல்ல. ஏறுவோரும் இறங்குவோரும் ஒரே குறுகிய சுழல்வழியைப் பகிர வேண்டியிருந்ததே பேரிழப்புக்குக் காரணம்.

ஒப்பீடு

ஸ்பெயினின் செவில் நகரத்து ஹிரால்டா ஏறக்குறைய இதே வயதுடையது. 1198இல் மசூதியின் மினாராக முடிந்த அது, 1248இல் நகரம் காஸ்டிலிய அரசின் கைக்கு மாறியபின் பேராலய மணிக்கோபுரமாயிற்று. மணிகளுக்கான மேற்பகுதி 16ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. அதன் உட்புறத்தில் பெரும்பகுதி படிகளாக இல்லாமல், பாங்கு சொல்பவர் குதிரையிலேயே மேலே செல்ல உதவும் அகலமான சரிவுப் பாதைகளாக இருக்கிறது. எதிரெதிரே வருவோர் விலகி நடக்க முடிவதால் இன்றும் பயணிகள் அதன்மேல் ஏறி நகரைப் பார்க்கின்றனர்.

இன்றைய நிலை

குதுப் வளாகத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்குவோர் மினாரைச் சுற்றி வரலாம். உள்ளே செல்ல முடியாது. மினார் ஏறித் தில்லியைக் காண விரும்புவோர் பழைய தில்லிக்குப் போகின்றனர். ஷாஜகான் 1644இல் தொடங்கி 1656இல் முடித்த ஜாமா மசூதியின் சுமார் 40 மீட்டர் உயரத் தென் மினாருக்குத் தனிச்சீட்டு தரப்படுகிறது; ஆண் துணையின்றிப் பெண்களை மேலே விடுவதில்லை என்பது அங்கு நெடுநாள் வழக்கம். மேலிருந்து ஒருபுறம் செங்கோட்டையும் சாந்தினி சௌக்கும், மறுபுறம் புதுதில்லியும் தெரிகின்றன. அங்கும் வழி குறுகிய சுழற்படிதான். இறங்குவோருக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றே ஏற வேண்டும்.